காலையில் தீபாவளி, மாலையில் ஹலோவீன்

(கனடாவின் ஸ்காபரோவில் நடந்த பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலையுதிர்காலப் பெருநாள்கள். மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும் நாளிலிருந்து முதற்பனி விழும் நாள்வரை நம்மைச் சுற்றி எத்தனை பெருநாள்கள்! நமக்கு நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி. சீனக் குடும்பங்களுக்கு நிலாப் பெருநாள். கொரியக் குடும்பங்களுக்குச் சூசொக். யூதக் குடும்பங்களுக்குச் சுக்கோத். மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களுக்கு இறந்தோர் நாள். ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை நாடு முழுவதற்கும் நன்றி நவிலும் நாள். இவற்றுக்கெல்லாம் நடுவே, ஒக்டோபர் 31 மாலை, தெரு நெடுகப் பூசணி விளக்குகளோடு ஹலோவீன்.

பெற்றோர் பலரும் கேட்கிறார்கள்: "ஐயா, இதில் எதைப் பிள்ளைகளுக்குக் கொண்டாடக் கொடுப்பது, எதை விடுவது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடையதை நாமே முன்னின்று நடத்துவோம். அயலாருடையதற்கு விருந்தாளியாகப் போவோம். ஒவ்வொரு பெருநாளும் அதனதன் பெயரோடும் அதனதன் கதையோடும் இருக்கட்டும். இதைத்தான் இந்த ஒரு மணி நேரத்தில் விரித்துச் சொல்லப்போகிறேன்.

2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு தீபாவளி எந்த நாளில் வந்தது? ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. ஹலோவீன் எந்த நாளில் வந்தது? அதே ஒக்டோபர் 31! ஹலோவீன் தன் தேதியை விட்டு அசையாது. தீபாவளியோ அமாவாசையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எப்போதாவது இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கும். அன்று நம் வீடுகளில் எவ்வளவு தடுமாற்றம்! "தீபாவளி நாளில் பேய் வேஷமா?" என்று மூத்தோர் முகம் வாடினார்கள். "என் கூட்டாளிகள் எல்லோரும் போகிறார்களே" என்று பிள்ளைகள் கண் கலங்கினார்கள். நடுவில் நின்ற பெற்றோர் என்ன செய்வார்கள்?

ஆனால் சற்றே யோசியுங்கள். தமிழரின் தீபாவளி எப்போது தொடங்குகிறது? விடியுமுன். நரக சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து முழுக்கு, புத்தாடை, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி, கோயில், பலகாரம். வட இந்தியர் வீடுகளில் இலட்சுமி பூசை மாலையில் நடக்கும். நம் வீடுகளிலோ முதன்மையானதெல்லாம் மதியத்துக்குள் நிறைவேறிவிடும். ஹலோவீன் எப்போது தொடங்குகிறது? வெயில் சாய்ந்த பிறகு. காலையில் அம்மம்மாவின் கையால் உச்சியில் எண்ணெய். மாலையில் வாசலில் நின்று அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு இனிப்பு. ஒன்றுக்கு மற்றொன்று எங்கே குறுக்கே நிற்கிறது? கேதாரகௌரி விரதகாரருக்கு அமாவாசைப் பூசையும் காப்புக் கட்டுவதும்தான் முதன்மை. அவர்கள் நிதானமாகக் கோயிலுக்குப் போய் வரட்டும். ஒரு நாள் இரண்டு பெருநாள்களைத் தாங்கும், ஐயா. அதில் எனக்கு ஐயமே இல்லை.

நேரம் கிடைத்துவிட்டது. மனம் இடம் கொடுக்க வேண்டுமே! "அது அந்நியருடையது" என்கிறோம். சரி, ஹலோவீன் யாருடையது?

செப்டெம்பரிலேயே கடைகளில் தொங்கும் பிளாஸ்ரிக் எலும்புக்கூடுகளைப் பார்த்து, இது வியாபாரிகள் கட்டிவிட்ட பண்டிகை என்று எண்ணிவிடாதீர்கள். அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவு. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்ட காலம். சௌவின் என்ற அந்தப் பழம்பெருநாளின் இரவில் உயிரோடு இருப்பவர்களுக்கும் மறைந்தவர்களுக்கும் இடையிலுள்ள திரை மெலிந்துபோகும் என்று அந்த மக்கள் நம்பினார்கள். பிறகு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா ஆயிற்று. நவம்பர் 2 மறைந்தோர் அனைவரையும் நினைக்கும் நாள் ஆயிற்று. முதல் நாளின் முன்னிரவுதான் ஹலோவீன். பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போனார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்தார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தில் அப்படியொரு கிழங்கு விளக்கின் வார்ப்பு இருக்கிறது. பார்த்தால் இன்றைய பூசணி விளக்கைவிடப் பயமாக இருக்கும்.

இந்தப் பெருநாள் கடல் கடந்து இங்கே எப்படி வந்தது? அயர்லாந்தியரும் ஸ்கொட்லாந்தியரும் குடிபெயர்ந்தபோது கூடவே வந்தது. அவர்களில் எல்லோரும் வசதியாகக் கப்பலேறியவர்களா? 1847ஆம் ஆண்டின் கோடையில் என்ன நடந்தது தெரியுமா? அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். பட்டினியிலிருந்து தப்பிய 38,000க்கும் மேற்பட்டோர் ரொறன்ரோத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்போது ரொறன்ரோவின் மக்கள்தொகை எவ்வளவு? சுமார் 20,000! ஊரைவிட வந்தவர்கள் அதிகம். கப்பலிலேயே டைஃபஸ் காய்ச்சல் பிடித்திருந்தது. கரையோரக் கொட்டகைகளில் கிடந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதர்ஸ்ட் வீதி ஏரியைத் தொடும் இடத்தில் 2007இல் திறக்கப்பட்ட அயர்லாந்துப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எலும்பும் தோலுமான வெண்கல உருவங்களைக் காட்டுங்கள். அவர்களைப் போன்றவர்கள் கொண்டுவந்த பெருநாள் இது என்று சொல்லிக்கொடுங்கள்.

நமக்கு இந்தக் கதை புரியாதா? 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்ப்படகுகளில் தஞ்சம் தேடி வந்து மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரைக் கண்டு மீட்டவர்கள் யார்? அந்தக் கரையின் மீனவர்கள். அந்தக் கரையோ அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் கரை. ஹலோவீன் அந்நியருடைய பண்டிகை என்று சொல்லுமுன் இதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே என்ன கண்டார்கள்? டர்னிப்பைவிடப் பெரிய, குடைவதற்கு எளிய பூசணியைக் கண்டார்கள். அந்தப் பூசணி யாருடையது? இந்த மண்ணின் முதற்குடிகளுடையது. மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்துக் குகை ஒன்றில் சுமார் 10,000 ஆண்டுகள் பழைமையான பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. இந்த ஒன்ராறியோவில் வென்டாற் மக்களும் ஹோடினோசோனி மக்களும் சோளம், போஞ்சி, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து நட்டார்கள். சோளத்தண்டில் போஞ்சி படரும். போஞ்சி மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை ஈரத்தைக் காக்கும். மூன்று சகோதரிகள் என்று அவற்றுக்குப் பெயர். நம் வாசலில் விளக்கேற்றும் பூசணி முதலில் அவர்களுடைய பாத்தியில் விளைந்தது. செப்டெம்பர் 30இல் பிள்ளைகள் செம்மஞ்சள் சட்டை அணிந்து பள்ளிக்குப் போகிறார்களே, குடும்பங்களிடமிருந்து பறிக்கப்பட்டு வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட முதற்குடிப் பிள்ளைகளை நினைத்து, அந்த நாளும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது. அதை மறந்துவிட்டுப் பூசணி குடைவது சரியாகுமா?

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். வேடமிட்டு வீடு வீடாகப் போவது தமிழருக்குத் தெரியாத செயலா?

தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு அருகில் குலசேகரப்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர், சுருக்கமாகக் குலசை. அங்கே முத்தாரம்மன் கோயில். புரட்டாதியில் தசரா கொடியேறுவதற்கு வாரக்கணக்கில் முன்னரே பக்தர்கள் மாலை அணிந்து விரதம் தொடங்கிவிடுவார்கள். நேர்த்திக்கடனுக்காக வேடம் கட்டுவார்கள். காளி வேடம், குரங்கு வேடம், கரடி வேடம், குறவன் குறத்தி வேடம், அரசன் வேடம், பிச்சைக்காரன் வேடம், காவற்காரன் வேடம்! வீடு வீடாக, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை கேட்பார்கள். யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். பெற்றதையெல்லாம் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு, இலட்சக்கணக்கானோர் கூடிய கடற்கரையில் மகிஷாசுர சங்காரம். பெரிய பணக்காரரும் அங்கே பிச்சைக்கார வேடம் கட்டித் தெருவில் கை நீட்டி நிற்பார். ஏன்? அகந்தை கரைய வேண்டும் என்பதற்காக. வேடம் ஒரு மனிதனை அவன் அன்றாட நிலையிலிருந்து கழற்றி வேறோர் இடத்தில் நிறுத்தும் என்பதை அந்தக் கடற்கரை மக்கள் எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறார்கள்! ஹலோவீனும் குலசைத் தசராவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒன்று விரதம், மற்றொன்று பிள்ளைகளின் குதூகலம். ஆனால் குலசையை அறிந்த கண், வேடமிட்டு வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து மிரளாது.

கோர முகம் எழுதிய பூசணிக்காய் நமக்குப் புதிதா? தமிழ்நாட்டில் புதுவீடு கட்டினால் நீற்றுப்பூசணியில் பூதமுகம் எழுதிக் கண்ணூறு படாமல் கட்டித் தொங்கவிடுவார்கள். மறைந்தோரை நினைப்பது நமக்குப் புதிதா? புரட்டாதி அமாவாசையில் மாளயம் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நம் கத்தோலிக்க உறவுகள் நவம்பர் 2இல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுதிரி ஏற்றுகிறார்களே, ஹலோவீன் எந்த நாள்களின் வாசலோ அதே நாள்களைத்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். இந்த மண்டபத்திலும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் கேளுங்கள், ஹலோவீனின் மறுபாதியை அவர்கள் சொல்வார்கள்.

மறைந்தோர் நினைவு என்றதும், மெக்சிக்கோ மக்களைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது. மறைந்த குழந்தைகள் நவம்பர் 1இல் வருவார்கள், மறைந்த பெரியவர்கள் 2இல் வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டில் பீடம் அமைப்பார்கள். மறைந்தவரின் படம், அவர் விரும்பிய உணவு, தாகம் தீர நீர், உப்பு, மெழுகுதிரி, அந்த நாளுக்கென்றே சுடும் ரொட்டி. வழி தெரிய வாசலிலிருந்து பீடம்வரை செம்மஞ்சள் பூவிதழ்கள். அது என்ன பூ? நம் கோயில் மாலைகளில் தொடுக்கிறோமே, செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்லும் அதே பூ! மெக்சிக்கோவில் பிறந்து, ஐரோப்பியர் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்து, நம் சுவாமிக்கு மாலையானது. நம் மாலையில் இருக்கும் பூவை அவர்கள் பீடத்தில் பார்க்கும் பிள்ளை, அந்த வீட்டாரை இனி அந்நியராக நினைக்குமா?

இன்னொன்று கேளுங்கள். இது ஸ்காபரோவுக்கே உரிய கதை. நம் தோட்டங்களில் கோடையில் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று நெடுங்காலம் அறிவியலாளருக்குத் தெரியாது. அதைத் தேடியவர்கள் ஃப்ரெட் அர்கட், நோரா அர்கட் என்ற இணையர். ஃப்ரெட் அர்கட் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் கற்பித்தவர். வண்ணத்துப்பூச்சியின் சிறகில் சின்னஞ்சிறு தாள் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பல ஆண்டுகள் செய்தார்கள். கண்டம் முழுவதும் தொண்டர்களைச் சேர்த்தார்கள். கடைசியில் 1975 ஜனவரியில், மெக்சிக்கோவின் மலைக்காட்டில், அந்தத் தொண்டர்களில் கத்தலீனா அகுவாதோ என்ற பெண்ணும் அவர் கணவர் கென் பிரகரும் மரங்களே தெரியாதபடி அப்பிக் கிடந்த கோடிக்கணக்கான மொனார்க்குகளைக் கண்டார்கள். ஒன்ராறியோவிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் மேல்! வெளியுலகத்துக்குத்தான் அது கண்டுபிடிப்பு. அந்த மலையடிவார மக்களுக்கு முன்பே தெரியும். வண்ணத்துப்பூச்சிகள் அங்கே வந்து சேர்வது எப்போது? நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளை ஒட்டி. மறைந்தவர்களின் ஆன்மாக்களே இப்படி வருகின்றன என்று அவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். நம் கொல்லைப்புறத்திலிருந்து புறப்பட்ட உயிர்தான் அவர்கள் பெருநாளுக்குப் போய்ச் சேர்கிறது. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மற்றவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். சீன நாட்காட்டியின் எட்டாம் மாதத்து முழுநிலவில் நிலாப் பெருநாள்; நிலாப் பணியாரத்தை வெட்டிக் குடும்பம் முழுவதும் பங்கிட்டு உண்கிறது. அதே முழுநிலவில்தான் கொரியரின் சூசொக், முன்னோருக்குப் படையலோடு. வியட்நாமியப் பிள்ளைகள் அன்று விளக்கேந்தித் தெருவில் போகிறார்கள். யூதர்கள் சுக்கோத்துக்கு ஏழு நாள் கொட்டகை கட்டி அதற்குள் உண்கிறார்கள். இலைதழையால் வேய்ந்த கூரையின் இடுக்கில் விண்மீன் தெரிய வேண்டும் என்பது அவர்கள் மரபு. பாலைவனத்தில் நிலையான வீடின்றி அலைந்த முன்னோரை நினைக்கத்தான் அந்தக் கொட்டகை. கிடுகுக் கொட்டிலிலும் அகதிமுகாம் கூடாரத்திலும் இருந்துவந்த நம்மவருக்கு அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்தால் ஒன்றும் விளக்க வேண்டியிராது.

இப்போது என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். சில இடங்களில் ஒரு வழக்கம் பரவுகிறது. யாரும் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், எல்லாப் பெருநாள்களின் பெயரையும் எடுத்துவிட்டு, "இலையுதிர்கால விழா" என்று ஒன்றை வைத்துவிடுகிறார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் அகல்விளக்கு, ஒரு மூலையில் பூசணி, ஒரு மூலையில் காகித எலும்புக்கூடு. அகல்விளக்கை யார் ஏற்றுகிறார்கள், ஏன் ஏற்றுகிறார்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இதில் பிள்ளை எதைக் கற்கும்? நரகாசுரன் கதை இல்லாத தீபாவளி, மறைந்தவர் படம் இல்லாத இறந்தோர் நாள், அயர்லாந்து இல்லாத ஹலோவீன். யாருக்கும் மனம் நோகவில்லை. யாரும் யாரையும் அறிந்துகொள்ளவும் இல்லை. இதை நான் ஏற்கமாட்டேன். பெயரைச் சொல்லுங்கள். கதையைச் சொல்லுங்கள். அந்த வீட்டாரே வந்து சொல்லட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்க வேண்டாம். செப்டெம்பரிலிருந்து நவம்பர்வரை வாரங்கள் இல்லையா?

வேட உடுப்பிலும் இந்தக் கவனம் வேண்டும். பூவைத்த தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி கத்ரீனா மெக்சிக்கோ ஓவியர் போசாதாவின் படைப்பு. ஓவியர் தியேகோ ரிவேரா 1947இல் வரைந்த சுவரோவியத்தில் அவளுக்கு முழு உருவம் கொடுத்தார். அவள் இடம் அவர்கள் பெருநாளில் இருக்கிறது. ஹலோவீன் கடையில் வாங்கிய முகப்பூச்சோடு அவளைப் பேயாக்கிவிடாதீர்கள். நம் காளியை யாரேனும் பயங்காட்டும் பொம்மையாக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? சிங்கமாகட்டும், விண்வெளி வீரராகட்டும், கத்தரிக்காயாகக்கூட ஆகட்டும், பிள்ளைகளுக்கு வேடத்துக்கா பஞ்சம்!

நம்பிக்கை காரணமாக ஹலோவீனை விலக்கிவைக்கும் குடும்பங்களும் உண்டு. இஸ்லாமியரில் உண்டு, கிறிஸ்தவரில் உண்டு, நம்மிலும் உண்டு. அவர்களை யாரும் நெருக்கக்கூடாது. ஹலோவீனிலேயே இதற்கு ஓர் அருமையான நெறி இருக்கிறது. வாசல் விளக்கு எரியாத வீட்டின் கதவைப் பிள்ளைகள் தட்டுவதில்லை. ஏன் என்று கேட்பதும் இல்லை. அடுத்த வீட்டுக்கு நடக்கிறார்கள். எல்லாப் பெருநாள்களுக்கும் இந்த நெறியை வைத்துக்கொள்ளலாமே!

அயலார் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். தீபாவளி இரவு வெடிச்சத்தம் பற்றி ஆண்டுதோறும் முறைப்பாடு எழுந்து, கடைசியில் 2022இல் பிராம்ப்டன் நகரசபை தனியார் வாணவேடிக்கைக்குத் தடை விதித்தது. கைக்குழந்தை உள்ள வீடு, நாய் உள்ள வீடு, போரில் குண்டுச்சத்தம் கேட்டுவந்த வீடு. கடைசியில் சொன்ன வீட்டை நம்மைவிட யார் அறிவார்? வெடியில்லாமல் நம் தீபாவளி குறைந்துவிடாது. முறுக்கும் அரியதரமும் நான்கு பெட்டிகளில் போட்டு, அடுத்தடுத்த நான்கு வீடுகளுக்குப் பிள்ளைகள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். கச்சான், மரமுந்திரிகை சேர்த்திருந்தால் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹலோவீன் நாளில் சில வீட்டு வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணியைப் பார்த்திருப்பீர்கள். இங்கே இனிப்பல்லாத பரிசும் உண்டு, ஒவ்வாமை உள்ள பிள்ளையும் வரலாம் என்பதற்கு அது அடையாளம். அந்தக் கரிசனத்தை நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம்.

இளையோரே, உங்களிடம் ஒரு சொல். உங்கள் வயதில் கனடாப் பிள்ளைகள் 1955இலிருந்து சுமார் ஐம்பது ஆண்டுகள் ஹலோவீன் இரவில் யுனிசெஃபின் சின்னஞ்சிறு பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இனிப்போடு சில்லறைக் காசும் கேட்டு, உலகத்து ஏழைப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். வேடமிட்டுப் பெற்றதை அம்மன் உண்டியலில் போடும் குலசையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெட்டிகள் நின்றுபோயின; அந்த எண்ணம் நிற்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு வேடம் கட்டிப் போகும்போது உங்கள் பகுதி உணவு வங்கிக்கென்று ஒரு பையையும் எடுத்துப் போக முடியுமா? முன்கூட்டியே தெருவாரிடம் சொல்லி வையுங்கள். பை நிறையும்.

வாசலருகே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அதில் இரண்டு கட்டங்கள். முதற் கட்டத்தில், அயலாரை உங்கள் வீட்டுக்கு அழைக்கப்போகும் நம் பெருநாளை எழுதுங்கள். கொலுவோ, தீபாவளியோ, நவம்பர் 2ஆம் தேதி வழிபாடோ, எதுவானாலும் சரி. இரண்டாம் கட்டத்தில், இந்தப் பருவத்தில் நீங்கள் விருந்தாளியாகப் போகப்போகும் ஒரு பெருநாளை எழுதுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், வகுப்பு ஆசிரியைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைகளின் கூட்டாளிகள் வழியாகத் தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். பேனா இரண்டு இருக்கிறது, வரிசையாக வாருங்கள். தேத்தண்ணியும் தயாராக இருக்கிறது.